பழைய ரயில் கரையை நடைபாதை ஆக்குவது எப்படி?

தண்டவாளம் எடுத்த ரயில் கரை, அதாவது ரயில் ஓட மண் கொட்டி உயர்த்திய திட்டு, எந்த ஊரில் சும்மா கிடந்தாலும், அங்கே ஒரு நல்ல நடைபாதை பாதி தயார் என்றுதான் நான் சொல்வேன். காட்பாடி–விழுப்புரம் மீட்டர் கேஜ் லைனில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாகச் சேர்ந்து, மேஸ்திரியாக ஓய்வு பெற்றவன் நான். இப்போது எங்கள் ஊர் ஓரத்தில் விடுபட்ட ஒரு பழைய கரையை ஊர்க்காரர்கள் சேர்ந்து பாதையாக வைத்திருக்கிறோம். வேலூர் பக்கத்தில் இன்னும் சில ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டு எப்படிச் செய்வது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ரயிலால் செங்குத்தான ஏற்றம் ஏற முடியாது. அதனால் சமவெளியில் நூறடி தூரத்துக்கு ஓரடிக்கு மேல் ஏற்றம் வராதபடிதான் கரை போட்டிருப்பார்கள். முட்டி வலி உள்ள பாட்டியும், சக்கர நாற்காலியில் வருபவரும், சைக்கிள் பழகும் பிள்ளையும் ஒரே பாதையில் போக இதைவிட வசதி கிடையாது. பல வருஷம் ரயில் ஓடி இறுகிய மண் வேறு. இங்கிலாந்தில் பிரிஸ்டலிலிருந்து பாத் வரை போகும் பாதையை 1979 முதல் 1986 வரை தன்னார்வலர்கள் இப்படி ஒரு மூடிய லைன் மேல்தான் துண்டு துண்டாகப் போட்டு முடித்தார்கள். அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தத் 'துண்டு துண்டாக' என்பதைத்தான். முழு நீளத்துக்கும் ஆசைப்படாமல் அரைக் கிலோமீட்டரை ஒழுங்காக முடியுங்கள்.

முதலில் நிலம் யாருடையது என்று பாருங்கள். தண்டவாளம் போய்விட்டது என்பதால் நிலம் ரயில்வேயை விட்டுப் போய்விடாது. கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடும் (நிலம் யாருடையது என்ற பதிவு) புலப்படமும் (நில அளவை வரைபடம்) பார்த்தால் விவரம் தெரியும். ரயில்வே நிலம் என்றால் கோட்ட அலுவலகத்தின் எழுத்து அனுமதி வரும்வரை மண்வெட்டியைத் தூக்கக்கூடாது. பக்கத்தில் ரயில் ஓடும் லைன் இருந்தால் நடுவில் வேலி இல்லாமல் பாதையே வேண்டாம். அத்துமீறி நுழைவது 1989 ரயில்வே சட்டம் 147-வது பிரிவுப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. ஊராட்சி நிலம் என்றால் ஆகஸ்ட் 15 அல்லது அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போட்டுவிடுங்கள். மரம் வெட்டுவதற்கும் அந்தத் தீர்மானத்திலேயே ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள்.

அப்புறம் மழைக்குக் காத்திருங்கள். இதைச் சொன்னால் இளைஞர்களுக்குப் பொறுமை இருக்காது. ஆனால் கரைக்கு எதிரி காலடி கிடையாது, தண்ணீர்தான். ஐப்பசியில் நல்ல மழை பெய்துகொண்டிருக்கும்போதே குடையோடு போய்க் கரை முழுக்க நடங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் சரிவை அறுத்துக்கொண்டு இறங்குகிறது, கரைக்கு அடியில் தண்ணீர் போகும் எந்தச் சிறுபாலம் அடைத்திருக்கிறது என்பதெல்லாம் வெயிலில் தெரியாது. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதே, அந்த மாதிரி மழையில் ஒரே ராத்திரியில் ரயில் கரை போய்விடும்.

மழை விட்டதும் கரையின் அடிவாரத்தில் கசிவு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கசிகிற தண்ணீரைக் கையில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் கவனித்துக்கொண்டிருந்தால் போதும். கலங்கலாக, செம்மண் நிறத்தில் வந்தால் உள்ளே மண் அரித்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம். மேலே ஆட்களை நிறுத்திவிட்டு, ஊராட்சி ஒன்றியப் பொறியாளருக்கு அன்றைக்கே தகவல் சொல்லுங்கள். பெரும்பாலும் இதற்குக் காரணம் பெருச்சாளி வளைதான். வாயில் மண்ணைத் தள்ளி மூடினால் போதாது. வளை போகும் வழியெல்லாம் தோண்டி, ஈரக் களிமண்ணைச் சாண் உயரத்துக்கு ஒரு அடுக்காகப் போட்டு, கட்டையால் இடித்து இடித்துத்தான் மேலே வர வேண்டும்.

சிறுபாலங்களின் இரண்டு வாயையும் ஆவணிக்குள் தூர்வாரி வையுங்கள். பாலத்தின் செங்கல் கட்டில் அரசங்கன்று முளைத்திருந்தால் இழுத்துப் பிடுங்க வேண்டாம், கட்டே பெயர்ந்து வரும். சின்னதாக இருக்கும்போதே வேரோடு அறுத்து, இடுக்கைச் சுண்ணாம்புக் கலவையால் பூசிவிடுங்கள்.

அடுத்தது சீமைக்கருவேலம். எங்கள் பக்கத்தில் விட்டுப்போன கரை என்றாலே அதுதான். தரைக்கு மேல் வெட்டினால் நாலு கிளைக்குப் பதில் பத்துக் கிளை வரும், ஏனென்றால் மண்ணுக்குச் சற்றுக் கீழே வேர்க்கழுத்தில்தான் மொட்டு இருக்கிறது. ஓரடி ஆழம் தோண்டி அந்தக் கழுத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும். இதைத் தை, மாசியில் செய்யுங்கள். மண்ணில் ஈரம் மிச்சம் இருக்கும், கடப்பாரை இறங்கும், மழைக்கும் இன்னும் மாதங்கள் இருக்கும். ஐப்பசிக்கு முன்னால் சரிவிலிருந்து வேரைப் பிடுங்கி வைத்தால் அந்தக் குழியிலேயே கரை உடையும். அதே காரணத்தால் சரிவில் ஜேசிபி கூடவே கூடாது. எடுத்த குழியை அன்றே மூடி இடித்து, அருகம்புல்லோ வெட்டிவேரோ நட்டுவிடுங்கள். முள்ளைக் கடைசித் துணுக்கு வரை பொறுக்குங்கள். ஒரு முள் கிடந்தாலும் மறுநாள் பள்ளிக்கூடப் பிள்ளையின் சைக்கிள் பஞ்சர்.

சரி, இப்போது மேல்மட்டம். தண்டவாளத்துக்கு அடியில் போட்டு மிச்சம் கிடக்கும் ஜல்லியை வாரி வெளியே கொட்ட வேண்டாம், அதுவே நல்ல அடித்தளம். நடுவில் மூன்று மீட்டர் அகலம் போதும். நல்ல கிராவல் மண்ணை அரையடி கனத்துக்குப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் விடுங்கள். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலால் அழுத்தினால் இரண்டாக உடைய வேண்டும். உதிர்ந்தால் தண்ணீர் போதவில்லை. உள்ளங்கையில் சேறாக ஒட்டினால் ஒரு நாள் காயவிடுங்கள். நடுப்பகுதி ஓரத்தைவிட ஐந்து சென்டிமீட்டர் உயரமாக, மாட்டின் முதுகு மாதிரி இருக்க வேண்டும். நூல் கட்டி, ரசமட்டம் வைத்துப் பத்தடிக்கு ஒரு இடம் சோதித்துக்கொண்டே போங்கள். இந்த வேலையை எங்கள் ஊரில் கட்டட வேலைக்குப் போகும் பெண்கள்தான் செய்கிறார்கள், அவர்கள் கண்ணுக்கு அரை விரல் வித்தியாசம் தப்பாது.

சிமெண்ட் பாதை போடலாமே என்று யாராவது பணத்தோடு வருவார்கள். வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கரை வருஷா வருஷம் கொஞ்சம் அமரும். மண் பாதை பள்ளம் விழுந்தால் அன்னக்கூடையில் நாலு கூடை கொட்டிச் சரி செய்துவிடலாம். சிமெண்ட் வெடித்தால் அதன் அடியில் தண்ணீர் போவது வெளியே தெரியாது.

டிராக்டர் ஏறாமல் இருக்க இரண்டு முனையிலும் கல்தூண் நடுங்கள், ஆனால் தூணுக்குத் தூண் ஒரு மீட்டர் இடைவெளி இருக்கட்டும். பைக் நுழைகிறதே என்று அதைக் குறுக்கினால் சக்கர நாற்காலி நின்றுவிடும். பைக்காரப் பையன்களிடம் பேசிப் புரியவைக்க முடியும். எங்கள் ஊரில் அவர்களில் சிலர்தான் இப்போது தண்ணீர் டிரம் கொண்டுவருகிறார்கள். ஆடு மேய்ப்பவர்களோடும் முதலிலேயே உட்கார்ந்து பேசுங்கள். ஆடு சரிவில் ஏறி இறங்கினால் புல் பிடிக்காது, அதனால் அவர்கள் கடக்க ஒரே இடத்தில் கல் பாவி வழி விடுங்கள்.

வேலை நேரம் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை. அக்னி நட்சத்திரத்தில் வேலையே வேண்டாம். முடிந்ததும் கேழ்வரகுக் கூழும் வெங்காயமும் இருந்தால் அடுத்த முறையும் ஆள் வரும். புதருக்குள்ளும் வளைக்குள்ளும் கை விடாதீர்கள், கழியால் தட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பாம்பு கடித்துவிட்டால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-க்கு அடித்து, நேராக ஆஸ்பத்திரி. எங்கள் பக்கத்துக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையும் இருக்கிறது, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையும் இருக்கிறது. எங்கே போக எத்தனை நேரம் ஆகும் என்று முன்னாலேயே தெரிந்து வையுங்கள்.

பாதை போடுவதற்கு ஆள் சேருவது சுலபம், திறப்பு விழாவுக்குப் பிறகுதான் கூட்டம் கரையும். ரயில்வேயில் இதற்குத்தான் கீமேன் என்று ஒருவரை வைத்திருந்தார்கள். சுத்தியலும் சிவப்புக் கொடியும் எடுத்துக்கொண்டு தனக்கு ஒதுக்கிய தூரமான தன் பீட் முழுக்கத் தினமும் நடப்பார், தண்டவாளத்தைப் பிடித்து நிறுத்தும் கீ தளர்ந்திருந்தால் அங்கேயே அடித்து இறுக்குவார். பெரிய கேங்குக்கு வேலை வராமல் பார்த்துக்கொண்டது அந்த ஒரு ஆளின் நடைதான். நீங்களும் பாதையை அரைக் கிலோமீட்டராகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இரண்டு பேரிடம் கொடுங்கள், தினமும் எப்படியும் அங்கே நடக்கப் போகிறவர்களாகப் பார்த்து. நூறு மீட்டருக்கு ஒரு கல் நட்டு எண் எழுதுங்கள். 'ஏழாம் கல்லுக்கும் எட்டுக்கும் நடுவில், கிழக்குச் சரிவில் வளை' என்று நோட்டில் எழுதினால்தான் ஞாயிற்றுக்கிழமை வரும் ஆட்கள் தேடாமல் போய் வேலை பார்க்க முடியும். மழை பெய்த மறுநாள் காலை நடை மட்டும் கட்டாயம். அன்றைக்கு பீட்காரர் ஊரில் இல்லை என்றால் யார் போவது என்பதையும் நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

மரம் நடுவதாக இருந்தால் கரையின் மேல்மட்டத்தில் வேண்டாம், அடிவாரத்தில் நடுங்கள். நிழலுக்குப் புங்கையும் வேம்பும், மண் பிடிப்புக்குப் பனை. பனங்கொட்டையை ஆவணி, புரட்டாசியில் பத்தடிக்கு ஒன்றாக ஊன்றினால் தண்ணீர் ஊற்ற ஆள் தேடத் தேவையில்லை.