நத்தாருக்காக வளவைக் கெடுக்காதீர்கள்

நவம்பர் நடுப்பகுதியிலேயே எங்கள் குடும்பத்து இளசுகள் அழைப்பெடுக்கத் தொடங்கிவிடுவார்கள். "மாமா, இந்தமுறை நத்தார் எங்கட வீட்டில. எத்தனை கதிரை வாடகைக்கு எடுக்கிறது?" வளவோடு வீடு வாங்கியவர்களுக்கு முதலில் வரும் ஆசையே சொந்தம் முழுவதையும் அங்கே கூட்டுவதுதான். நல்ல ஆசை. ஆனால் நான் அந்தக் காலத்தில் சறுக்கிய இடத்திலேயே இவர்களும் சறுக்குவதைப் பார்த்தால் வாய் சும்மா இருப்பதில்லை. உப்புக் கூடியது, மின்குமிழ் எரியாதது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் ஒருமுறை பட்டால் பிடிபட்டுவிடும்.

முற்றத்துக்குக் கல் பதிப்பது

என் மருமகன் ஒருவன் கொழும்பு மட்டக்குளியில் பழைய வீடொன்று வாங்கினான். 20 பேர்ச் வளவு, முற்றத்தில் பெரிய ஜம்பு மரம். போன நவம்பர் கடைசியில் போய்ப் பார்த்தால் மரத்தைக் காணவில்லை. "இலை கொட்டுது மாமா, வாகனம் விடவும் இடமில்ல." மேசன் பாஸ் ஒருவர் முற்றம் முழுவதும் இன்டர்லொக் கல் பதித்துக்கொண்டிருந்தார். நத்தாருக்குள் முடிக்க வேண்டுமாம். செலவைக் கேட்டேன், கேட்காமல் இருந்திருக்கலாம்.

நத்தார் அன்று காலை பத்து மணிக்கே கல் சுட்டது. பிள்ளைகள் செருப்பில்லாமல் இறங்க முடியவில்லை. பெரியவர்கள் மின்விசிறிக்குக் கீழே, மச்சாள்மார் குசினிக்குள், பொடியன்கள் அறைக்குள் தொலைபேசியோடு. வந்தது 40 பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது சாப்பாட்டு நேரத்தில் மட்டும். அந்த ஜம்பு மரம் நின்றிருந்தால் அடியில் நாலு பாய் விரித்திருக்கலாம். ஒருவர் வெங்காயம் உரிக்க, ஒருவர் பழைய கதை எடுத்துவிட, யாரும் கூப்பிடாமலே எல்லோரும் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

தண்ணீர்ப் பிரச்சினை வேறு. களனி கங்கை கடலில் சேர்வது மட்டக்குளிக்குப் பக்கத்தில்தான், நிலம் தாழ்வு. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரங்களில் இடியோடு கொட்டும் மழையை மண் முற்றம் கொஞ்சமாவது குடிக்கும். அடியில் சிமெந்து போட்டு, கல் இடுக்கையும் பூசிவிட்டால் எது குடிக்கும்? வாட்டம் பார்க்காமல் பதித்தால் தண்ணீர் நேராக வாசற்படிக்குத்தான் வரும். என் வீட்டில் சிமெந்தைப் போட்ட கூலியைவிட அதை உடைக்கக் கொடுத்த கூலி அதிகம். வாகனம்தான் கவலையென்றால் சில்லு ஓடும் இரண்டு தடத்துக்கு மட்டும் கல் போடுங்கள். இலையைக் கூட்ட ஒரு விளக்குமாறு போதாதா?

வெட்டிய பழம் வாங்குவது

எங்கள் நத்தார் கேக்குக்கு ரவை, கஜு, பூசணித் தோசி, பாகில் போட்ட இஞ்சி, முந்திரிகை வற்றல் எல்லாம் வேண்டும். அவ்வளவையும் பொடியாக வெட்டினால் விரல் கடுக்கும். அதனால் வெட்டிய பக்கெட்டை வாங்கிவிடுகிறார்கள். குடும்பம் கூடி இருந்து செய்யக்கூடிய ஒரே வேலை அதுதானே! நத்தாருக்கு ஆயத்தம் செய்யும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசெம்பர் 3க்கும் இடையில் வரும். அன்று பின்னேரம் ஆளுக்கொரு கத்தியும் பலகையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பழம் பிராந்தியில் ஊறவும் நாள் கிடைக்கும். சின்னவர்கள் வாயில் போடுவதையும் கணக்கில் சேர்த்து வாங்குங்கள்.

சேவல்

நத்தார்க் கறிக்கென்று வளர்க்கும் சேவலுக்குப் பிள்ளைகள் பெயர் வைத்துவிட்டார்களா? அதைத் தொடாதீர்கள்.

எல்லோரையும் நள்ளிரவுப் பூசைக்கு இழுப்பது

2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு பெரிய கோயில்களில் நத்தாருக்குப் பைகளைச் சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். கைக்குழந்தையோடும், முழங்கால் வலிக்கிற அப்பம்மாவோடும் அந்த வரிசையில் நிற்பது பாவம். அவர்களுக்கு 25ஆம் திகதி காலைப் பூசை இருக்கிறது.

குசினியை ஒருத்தி தலையில் கட்டுவது

வேண்டாம். தேங்காய் துருவ ஆம்பிளைகளுக்கும் கை இருக்கிறது.

அயல் வீட்டுத் தட்டைக் கடைசிக்கு விடுவது

பொங்கலுக்குப் புக்கையும் பெருநாளுக்கு வட்டிலப்பமும் தந்த வீடுகளுக்கு, மிஞ்சியதைப் பின்னேரம் அனுப்புவது அழகில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே சின்னவர்களிடம் கொடுத்துவிடுங்கள். முஸ்லிம் வீட்டுக்குப் பிராந்தி சேர்க்காத கேக்கைத் தனியாகச் சுட்டு, பொதியில் அடையாளம் போட்டு வையுங்கள். எண்ணெய்த் தாளில் சுற்றிவிட்டால் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.