தமிழில் கேட்டுவிட்டு அபாஸ்ட்ரபி வையுங்கள்

திருவல்லிக்கேணியில் நான் வேலை பார்க்கும் டிடிபி கடைக்குப் போன மாதம் ஒரு அக்கா வந்தார். புதிதாகப் பெண்கள் விடுதி தொடங்குகிறார், வாசலுக்கு ஃப்ளெக்ஸ் போர்டு வேண்டும். என்ன வர வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் அவரே எழுதிக்கொண்டு வந்திருந்தார். எல், ஏ, டி, ஐ, இ என ஐந்து எழுத்து, மேலே ஒரு கமா (அபாஸ்ட்ரபி என்கிற குறி அதுதான்), அப்புறம் எஸ். பக்கத்தில் ஹாஸ்டல். "அந்த மேல் கமா எங்கேயோ வரணும்ல தம்பி, அதான் வச்சேன்" என்றார்.

கமாவையும் அதற்குப் பின்னால் இருந்த எஸ்ஸையும் விரலால் மறைத்துக் காட்டினேன். மிச்சம் நின்றது அந்த ஐந்தெழுத்து மட்டும். இன்றைய ஆங்கிலத்தில் அப்படி ஒரு சொல் கிடையாது. லேடி என்று எழுதினால் கடைசியில் ஒய் வர வேண்டும். "யாரோட ஹாஸ்டல்க்கா?" என்று கேட்டேன். "லேடீஸோடது." அப்படியானால் லேடீஸ் முழுசாக எழுதி முடிந்த பிறகுதான் குறி, எஸ்ஸுக்கு வலப்பக்கம். வேண்டாம் என்றால் குறியே இல்லாமல் விட்டுவிடலாம், போர்டுகளில் அப்படி எழுதுவதும் வழக்கில் இருக்கிறது. தப்பான இடத்தில் வைப்பதற்கு வைக்காமல் விடுவது எவ்வளவோ மேல்.

விரல் வைத்து மறைக்கும் இந்தச் சோதனையை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். குறிக்கு இடப்பக்கம் நிற்பதுதான் சொந்தக்காரர். அவர் பெயர் வெட்டுப்படாமல் முழுசாக நிற்க வேண்டும்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், ஆங்கிலத்தில் பன்மைக்கும் எஸ், உரிமைக்கும் எஸ். காதில் இரண்டும் ஒன்றாகவே விழும். நம் மொழியிலோ பன்மைக்குக் 'கள்', உரிமைக்கு 'உடைய', இரண்டும் சேர்ந்தால் 'களுடைய'. அதனால் ஆங்கிலத்தில் எழுதுமுன் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். மாணவனுடைய நோட்டு என்றால் ஸ்டூடன்ட், குறி, எஸ். மாணவர்களுடைய நோட்டு என்றால் ஸ்டூடன்ட்ஸ் முழுதும் எழுதிவிட்டுக் கடைசியில் குறி. வெறும் மாணவர்கள் என்றால் குறிக்கு அங்கே வேலை இல்லை.

அந்த மூன்றாவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 'மீல்ஸ் ரெடி' போர்டில் மீலுக்கும் எஸ்ஸுக்கும் நடுவே குறி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாப்பாடு தயார் என்கிறோம், சாப்பாட்டினுடைய தயார் என்று சொல்வதில்லையே! எம்.எல்.ஏ.க்கள், சி.டி.க்கள், 1990-கள், இவையும் வெறும் பன்மைதான். எஸ் மட்டும் போதும்.

தமிழை நம்பிப் போகும்போது ஓர் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். நாம் 'உடைய'வைப் பல நேரம் விழுங்கிவிடுவோம். பாரிமுனை என்கிறோம், பாரியுடைய முனை என்பதில்லை. 1788-ல் மதராஸுக்கு வந்து வணிகம் தொடங்கிய தாமஸ் பாரியின் பெயர் அது. ஆங்கிலத்தில் எழுதும்போது பாரி, குறி, எஸ், கார்னர். ராஜினாமா கடிதத்திலும் இதே கதை. 'ஒரு மாச நோட்டீஸ்' என்று நாம் சொல்வதில் உடைய இல்லை. ஆங்கிலத்திலோ மந்த், குறி, எஸ் வேண்டும். மூன்று மாதம் என்றால் மந்த்ஸ் எழுதி, அதன் பின்னால் குறி. மேலதிகாரி கடைசியாகப் பார்க்கப் போகும் கடிதம், அதையாவது சரியாக எழுதிக் கொடுங்கள்.

எஸ் இல்லாமலே பன்மையாகும் சொற்களும் உண்டு: விமன், மென், சில்ட்ரன். 1915-ல் தொடங்கிய விமன்ஸ் கிறிஸ்டியன் காலேஜின் பெயரை ஆங்கிலத்தில் பாருங்கள். விமன், குறி, எஸ். கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் அப்படியே. சில்ட்ரனோடு எஸ் சேர்த்துவிட்டுப் பின்னால் குறி வைத்தால், சில்ட்ரன்ஸ் என்று இல்லாத ஒரு பன்மை நிற்கும்.

எல்லாவற்றையும்விட அதிகமாக நான் திருத்துவது 'இட்ஸ்'. இதற்குக் கொஞ்சம் பழைய கதை தெரிந்தால் நல்லது. பழைய ஆங்கிலத்தில் உரிமையைக் காட்டப் பல பெயர்ச்சொற்களின் பின்னால் இ, எஸ் என்று இரண்டு எழுத்து சேரும். நாளடைவில் அந்த இ உதிர்ந்துபோனது. ஓர் எழுத்து விடுபட்டதைக் காட்டத்தான் இந்தக் குறியே ஆங்கிலத்துக்குள் வந்தது. அதுவே பிறகு பெயர்களுக்கு உரிமைக் குறியாக நிலைத்தது. ஆனால் ஹிஸ், ஹெர்ஸ், அவர்ஸ், யுவர்ஸ் போன்றவை உரிமையைத் தமக்குள்ளேயே வைத்திருக்கின்றன, குறி கேட்பதில்லை. அதனுடைய என்று பொருள்படும் இட்ஸ் அந்தக் குடும்பம். குறியோடு வருகிற இட்ஸ், 'இட் இஸ்' அல்லது 'இட் ஹாஸ்' சுருங்கியது. 'கம்பெனியும் அதனுடைய கிளைகளும்' என்று மனசுக்குள் ஓடுகிறதா, குறியை எடுத்துவிடுங்கள். 'அது தயாராக இருக்கிறது' என்று ஓடுகிறதா, வையுங்கள். யாருடைய, யார் என்கிற ஹூஸ் ஜோடிக்கும் இந்தச் சோதனை பொருந்தும்.

தாஸ், ஜேம்ஸ் போல எஸ்ஸில் முடியும் பெயர்களில் அந்த எஸ் பெயருக்குச் சொந்தம், அதைப் பிரிக்கவே கூடாது. முழுப் பெயருக்குப் பின்னால் குறி மட்டும் வைக்கலாம், குறியோடு இன்னோர் எஸ்ஸும் சேர்க்கலாம். இரண்டும் சரி, ஒரே கடிதத்தில் ஒரே முறையைப் பின்பற்றினால் போதும். நிறுவனப் பெயர்களுக்கு மட்டும் இலக்கணம் பார்க்காதீர்கள். அண்ணா சாலையில் 1844 முதல் நடந்துவரும் ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை தன் பெயரைக் குறியில்லாமல்தான் எழுதுகிறது. குயின் மேரிஸ் கல்லூரியோ குறியோடு எழுதுகிறது. அவர்கள் எழுதுகிறபடியே நாமும் எழுத வேண்டும்.