அலாரம் 'கோ ஆஃப்' ஆனால் உட்கார்ந்திருக்காதீர்கள்

ஆங்கிலம் பேசும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் வேலையிடத்தில் சொன்னார்கள்: அலாரம் 'கோஸ் ஆஃப்' ஆனதும் கட்டடத்தைவிட்டு வெளியேற வேண்டும். 'ஆஃப்' என்றால் நமக்கு அணைவதுதானே? தீ ஒத்திகை நாளில் அலாரம் காதைப் பிளக்க, நின்றதும் கிளம்பலாம் என்று நாற்காலியிலேயே இருந்தேன். ஆள் அனுப்பித்தான் என்னை வெளியே கொண்டுபோனார்கள். அலாரத்துக்கு 'கோ ஆஃப்' என்றால் அலறத் தொடங்குவது. விளக்குக்கு அணைவது. பிரிட்டிஷ் பேச்சில் பால் 'கோ ஆஃப்' ஆனால் திரிந்துவிட்டது.

ஆங்கிலத்தில் வினையோடு 'ஆஃப்', 'அப்' மாதிரி ஒரு சிறுசொல் ஒட்டினால் பொருளே மாறிவிடும். பள்ளியில் நாம் படித்தது 'போஸ்ட்போன்', 'கேன்சல்'. இங்கே வாயில் வருவது 'புட் ஆஃப்', 'கால் ஆஃப்'. முதலாவதில் கூட்டம் வேறொரு நாள் உண்டு. இரண்டாவதில் கூட்டமே கிடையாது. 'புட்' தெரியும், 'ஆஃப்' தெரியும் என்று இரண்டையும் கூட்டிப் பார்த்தால் ஒன்றும் தேறாது. ஆனால் தமிழிலும் 'தள்ளிப்போடு' என்கிறோமே, அதில் யார் எதைத் தள்ளி எங்கே போட்டார்கள்? 'பார்', 'பார்த்துக்கொள்' இரண்டுக்கும் உள்ள தூரம்தான் 'லுக்', 'லுக் ஆஃப்டர்' இரண்டுக்கும். 'கைவிடு' என்றால் 'கிவ் அப்', 'விட்டுக்கொடு' என்றால் 'கிவ் இன்'. இப்படிச் சோடி சேர்த்த பிறகுதான் எனக்கு மண்டையில் ஏறியது.

போனில்தான் அதிகம் தடுமாறுவோம். 'ஹேங் ஆன்' என்றால் கொஞ்சம் இருங்கள். 'ஹேங் அப்' என்றால் போனை வைப்பது. மாற்றிப் புரிந்துகொண்டு வைத்துவிட்டால், மறுபடி வரிசையில் முதலிலிருந்து காத்திருக்க வேண்டியதுதான். 'புட் யூ த்ரூ' என்றால் வேறொருவருக்கு இணைப்புத் தருகிறார். 'பிரேக்கிங் அப்' என்றால் உங்கள் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது. 'கெட் பேக் டு யூ' என்றால் விசாரித்துவிட்டுத் திரும்பச் சொல்வார்; எந்த நாள் என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

நேர்காணலில் '2015இல் பாஸ்டு அவுட்' என்று சொல்லாதீர்கள். நமக்கு அது படிப்பு முடித்தது, அவர்களுக்கு மயங்கி விழுந்தது. 'கிராஜுவேட்டட்' போதும். கூட்டத்தை முன்கூட்டியே வைப்பதற்கு 'பிரிபோன்' சொன்னால் பலரும் விழிப்பார்கள். 'பிரிங் ஃபார்வர்ட்' என்றால் புரியும்.

இலக்கணம் கொஞ்சம்தான். 'பிக் அப் இட்' தவறு, 'பிக் இட் அப்' என்று 'இட்' நடுவில் வரவேண்டும். 'லுக் ஆஃப்டர் இட்' போன்றவை பிரியாது. எது பிரியும், எது பிரியாது என்பது கேட்கக் கேட்கப் பழகிவிடும்.

படிவத்தை ஒருவர் 'ஃபில் இன்' என்பார், இன்னொருவர் 'ஃபில் அவுட்' என்பார். 'இன்', 'அவுட்' எதிர்ச்சொல்லாயிற்றே என்று பேனாவோடு முழிக்க வேண்டாம். இரண்டும் நிரப்புவதுதான்.