துரையின் அனுமதி தொழிலாளியின் சம்மதம் ஆகாது

தேயிலைத் தோட்டத்தின் கொழுந்து மடுவத்தில் பகல் நிறுவை முடிந்த நேரம். ஆய்வுக்கு இரத்தம் எடுக்க வந்த குழுவோடு, படிவக் கட்டைச் சுமந்துகொண்டு நானும் நின்றிருந்தேன். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டிலேயே அறிவித்தாகிவிட்டது என்றார் கணக்கப்பிள்ளை. வரிசையில் முதலில் நின்ற அம்மா மெல்லக் கேட்டார்: “கைநாட்டு வைக்காவிட்டால் அரைப்பேர்தான் போடுவார்களா, தம்பி?” அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம்.

ஆய்வுத் திட்டங்களைப் பரிசீலிக்கும் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவின் அனுமதிக் கடிதம் எங்கள் கோப்பில் இருந்தது. ஆனால் பெரட்டில் அறிவிப்போம் என்று விண்ணப்பத்தில் நாங்கள் எழுதவே இல்லை. எழுதாததைக் குழு எப்படிக் கேட்கும்?

இலங்கையின் மலையகத்தில் ஆய்வு செய்ய வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான். துரையின், அதாவது தோட்ட நிர்வாகத்தின், அனுமதி தோட்டத்துக்குள் நுழைவதற்கு மட்டுமே. வேலை, லயன் வீடு, டிஸ்பென்சரி எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கையில் இருக்கும்போது, துரை சொல்லி அனுப்பியதை மறுக்க யாருக்குத் துணிவு வரும்? மனிதரை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வின் ஒழுக்கநெறிகளைச் சொல்லும், 1964இல் எழுந்த ஹெல்சிங்கி பிரகடனம், 2024 திருத்தத்தில் ‘ஆய்வுக்கு உட்படுத்தப்படுவோர்’ என்பதை விட்டு ‘பங்குபற்றுவோர்’ என்ற சொல்லுக்கு மாறியது. மடுவ வரிசையில் நின்றவர்கள் இன்னும் பழைய சொல்லுக்குள்தான் இருந்தார்கள். யார் அழைப்பார், எங்கே, யார் முன்னிலையில் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். வேலை முடிந்தபின், வேலையை மேற்பார்க்கும் கங்காணி இல்லாமல், வீட்டு வாசலில் பேசுங்கள். தகவல் தாளைக் கொடுத்துவிட்டு மறுநாள் வாருங்கள்.

அடுத்தது மொழிபெயர்ப்பு. ‘சீரற்ற ஒதுக்கீடு’ என்று எழுதினால் எனக்கே தலை சுற்றுகிறது. ‘சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல், யாருக்கு எந்த மருந்து என்பதை வைத்தியர் தீர்மானிக்க மாட்டார்’ என்றால் லயத்தில் எல்லோருக்கும் புரியும். ‘போலி மருந்து’ என்று அச்சடித்த தாளை நான் பார்த்திருக்கிறேன். அதைப் படித்துவிட்டு யார் விழுங்குவார்? ‘மருந்துச் சத்து இல்லாத, பார்வைக்கு ஒரேமாதிரியான மாத்திரை’ என்று எழுதலாம். ஐந்து மில்லிலீற்றர் இரத்தம் என்பதோடு ‘ஒரு தேக்கரண்டி அளவு’ என்று சேர்த்தால் பாதிப் பயம் போய்விடும்.

எழுத்தறியாதவர் கைநாட்டு வைக்கும்போது, ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி வேண்டும். விளக்கம் தொடங்கியது முதல் முடியும்வரை அவர் உடனிருக்க வேண்டும். கடைசியில் கங்காணியைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவது சாட்சியம் ஆகாது.

மீளாய்வுக் குழுவில் மருத்துவம் படிக்காத உறுப்பினர் எதற்கு என்று மாணவர்கள் முணுமுணுப்பதுண்டு. மருந்துச் சோதனைகளுக்கான சர்வதேச நற்செயன்முறை வழிகாட்டி குறைந்தது ஐந்து பேரைக் கேட்கிறது. அவர்களில் ஒருவர் மருத்துவ அறிவியல் துறை சாராதவர், ஒருவர் நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வருபவர். ‘அரைநாள் சம்பளம் போனால் யார் கொடுப்பது?’ என்ற கேள்வி பெரும்பாலும் அவர்களிடமிருந்துதான் வரும். இழந்த கூலியையும் பஸ் கட்டணத்தையும் கொடுங்கள். மறுக்க முடியாத அளவுக்குப் பெரிய தொகை மட்டும் வேண்டாம்.

‘கேள்விக்கொத்துதானே’ என்று தரவைச் சேர்த்துவிட்டுப் பிறகு அனுமதி கேட்காதீர்கள். முடிந்த வேலைக்கு முன்தேதியிட்டு அனுமதி கிடைக்காது. புதிய மருந்துச் சோதனை என்றால், 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதியும் தேவை. முதல் ஆளைச் சேர்க்குமுன் மருந்துச் சோதனைப் பதிவேட்டிலும் பதிய வேண்டும்.

அனுமதி கிடைத்ததும் குழுவை மறந்துவிடுவது இன்னொரு வழக்கம். இரத்தத்தின் அளவைக் கூட்டினாலும் படிவத்தில் ஒரு வரியை மாற்றினாலும் முதலில் குழுவிடம் கேளுங்கள். பங்குபற்றுபவர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டால், மருந்துக்குத் தொடர்பில்லை என்று நீங்களாகவே முடிவுகட்டி மறைக்காதீர்கள்.

முறைப்பாட்டுக்கென்று படிவத்தின் அடியில் குழுவின் தொலைபேசி எண் இருக்கும். அச்சடிக்கக் கொடுக்குமுன் அந்த எண்ணுக்கு நீங்களே ஒருமுறை அழைத்துப் பாருங்கள், தமிழில் பதில் சொல்ல அங்கே ஒருவர் இருக்கிறாரா என்று.