வாண்டர்லுஸ்ட்: நடக்கத்தான் ஆசை

விமான ஜன்னலோரம் எடுத்த படம், கீழே பயண ஆசை என்ற பொருளில் ‘வாண்டர்லஸ்ட்’ என்று ஒரு வார்த்தை. இன்ஸ்டாகிராமில் இது சலித்துப்போகும் அளவுக்கு உண்டு. அந்த ஜெர்மன் சொல்லில் விமானமே கிடையாது. அது கால்நடையாய்ப் போகிறவர்களின் சொல்.

முதலில் உச்சரிப்பு. ‘லஸ்ட்’ அல்ல, ‘லுஸ்ட்’. ஆங்கில ‘லஸ்ட்’ நினைவில் நிற்பதால் சிலர் இதற்கு ‘பயண வெறி’, ‘பயண மோகம்’ என்றெல்லாம் சூடாக மொழிபெயர்க்கிறார்கள். ஜெர்மனில் லுஸ்ட்டுக்குக் காமம் என்ற பொருளும் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அன்றாடப் பேச்சில் ஒரு காபி குடிக்கலாம் போலிருந்தாலும் அதே லுஸ்ட்தான்.

அடுத்த தவறு ‘வாண்டர்ன்’ என்ற முன்பாதியில். ஆங்கில ‘வாண்டர்’ அதற்கு உறவுக்காரச் சொல் என்பதால், இலக்கில்லாமல் திரிவது என்று எடுத்துக்கொள்கிறோம். இன்றைய ஜெர்மானியருக்கு வாண்டர்ன் என்றால் பூட்ஸ் மாட்டி, பை தோளில் போட்டு, வழி அடையாளம் பார்த்து நடப்பது. ஜெர்மனியின் தூரிங்கியக் காட்டில் ரென்ஸ்டைக் என்று ஒரு பாதை உண்டு, சுமார் 170 கிலோமீட்டர். அதில் போவது வாண்டர்ன். சாப்பிட்டபின் தெருமுனைவரை போய்வருவதற்கு ‘ஷ்பட்ஸீரன்’ என்று வேறு சொல், அது இத்தாலியிலிருந்து வந்தது.

சரி, இது வசதியானவர்களின் பொழுதுபோக்காக மட்டுமே இருந்ததா? அதுவும் தவறு. பயிற்சி முடித்த தச்சரும் கொத்தனாரும் ஊர் ஊராக நடந்து வேலை கற்ற பழைய வழக்கம் ஒன்று உண்டு. கைவினைச் சங்கங்களின் காலத்தில் மாஸ்டர் ஆவதற்கே அது தேவைப்பட்டது. இன்றும் சிலர் கறுப்புக் கார்டுராய் உடையில் கிளம்புகிறார்கள். மரபுப்படி மூன்று வருடம் ஒரு நாள், சொந்த ஊருக்கு 50 கிலோமீட்டருக்குள் வரக்கூடாது. வாண்டர்னையும் லுஸ்ட்டையும் ஒரே வரியில் சேர்த்த வில்ஹெல்ம் ம்யூலரின் கவிதையில் (1823இல் ஷூபர்ட் இசையமைத்தது) பாடுகிறவனும் மாவு ஆலைத் தொழிலாளிதான்.

அப்புறம் அந்த ஜன்னலோரப் படத்துக்கு? ஜெர்மானியரிடம் அதற்கு ‘ஃபெர்ன்வே’ இருக்கிறது. ஃபெர்ன் தொலைவு, வே வலி. வீட்டு ஏக்கத்துக்கு அவர்கள் சொல்லும் ‘ஹைம்வே’யின் நேரெதிர்.