"மூளையைக் காக்கும்" என்ற டப்பாவை எடைபோடுவது எப்படி?

தேனீக்கூட்டுப் பிசினான புரோபோலிஸ் சொட்டு, மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின் மாத்திரை, ஜிங்கோ மர இலைச்சாறு என எதை எடுத்தாலும் "நரம்புகளைக் காக்கும்" என்று எழுதியிருக்கிறது. முழுப் பொய் என்றும் தள்ளிவிட முடியாது. ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த செல்களை அவை உண்மையிலேயே காத்திருக்கலாம். உங்கள் மூளையைக் காக்குமா என்பது வேறு கேள்வி. அதற்கு நான் பார்க்கும் வரிசை இது.

படி 1: உள்ளே இருக்கும் வேதிப்பொருளின் பெயரைத் தேடுங்கள்.
மொட்டிலும் பட்டையிலும் கசியும் பிசினை மெழுகோடு குழைத்து, தேனீக்கள் கூட்டின் விரிசல்களை அடைக்கும். அதுதான் புரோபோலிஸ். சுற்றி எந்த மரம் இருக்கிறதோ அதைப் பொறுத்துச் சரக்கு மாறும். பாப்லர் மரப் பிசினில் கிரைசின், பினோசெம்பிரின் போன்றவை. பிரேசிலின் பச்சை வகையில் ஆர்ட்டெபிலின் சி. ஒன்றில் கிடைத்த ஆய்வு முடிவை மற்றொன்றின் டப்பாவில் ஒட்டினால் செல்லாது. "புரோபோலிஸ் சாறு" என்று மட்டும் போட்டிருந்தால் நான் அங்கேயே வைத்துவிடுவேன்.

படி 2: அது மூளை வரை போகுமா?
இங்கேதான் பெரும்பாலானவை தடுக்கி விழுகின்றன. குர்குமினை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள்தூளில் அது இருப்பதே நூற்றுக்குச் சுமார் 3 பங்கு. விழுங்கியதில் பெரும்பகுதியைக் குடலும் கல்லீரலும் மாற்றி வெளியேற்றிவிடும். 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது, ரத்தத்தில் சேர்ந்த அளவு ஏறத்தாழ 20 மடங்கானது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பைப்பரின் அதைச் செய்வது கல்லீரலின் வேலையை மந்தப்படுத்தித்தான். நீங்கள் சாப்பிடும் வேறு மருந்தின் அளவும் கூடவே ஏறலாம். ரத்தத்தில் கலந்ததெல்லாம் மூளைக்குள் நுழைந்துவிடாது, நடுவே ரத்த-மூளைத் தடுப்பு நிற்கிறது; பல பொருள்களை உள்ளே விடாத மூளை ரத்தக்குழாய்ச் சுவர் அது.

படி 3: செல்லா, எலியா, மனிதரா?
ஜிங்கோவை 75 வயது கடந்த 3,069 பேரிடம் சோதித்தார்கள். தினம் இருவேளை 120 மில்லிகிராம், சுமார் 6 ஆண்டுகள். 2008-இல் வந்த முடிவு: மறதிநோய் வருவதை அது குறைக்கவில்லை. தாவரம் என்றாலே வெறும் பேச்சு என்றும் நினைக்க வேண்டாம். ஸ்னோட்ராப் என்ற சிறு வெள்ளைப் பூச்செடியில் கண்டெடுத்த கேலன்டமின், 2001-இல் அமெரிக்காவில் அல்சைமர் என்ற மறதிநோய்க்கு மருந்தாகவே ஒப்புதல் பெற்றது. அதுவும் அறிகுறிகளைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான், நோயை நிறுத்தாது.

படி 4: உங்கள் உடம்புக்கு ஆகுமா?
தேனீ கொட்டி மூச்சுத்திணறல் வந்தவர்களும், மகரந்தம் ஒவ்வாதவர்களும் புரோபோலிஸ், ராயல் ஜெல்லி (ராணித் தேனீக்குத் தேனீக்கள் ஊட்டும் உணவு) பக்கம் மருத்துவரைக் கேட்காமல் போகக்கூடாது. வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்களுக்கு ஜிங்கோவால் ரத்தக்கசிவு ஏற்படலாம். மருத்துவரிடம் போகும்போது "ஏதோ மூலிகை சாப்பிடுகிறேன்" என்று சொல்லாதீர்கள். டப்பாவையே கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.