உமிக்கரியும் வைக்கோலும்: மிளகாய்ப் பாத்தியில் செய்து பார்த்த முறை

"நீ அரிசி கொண்டு வா, நான் உமி கொண்டு வருகிறேன், ரெண்டு பேரும் ஊதி ஊதித் தின்னலாம்" என்று ஒரு பழமொழி உண்டு. உமி கொண்டு வந்தவனைத்தான் அதில் கேலி செய்வார்கள். பர்மாவில் நம்ம பெகு பக்கம் ரைஸ் மில்லுக்குப் பின்னால் அந்த உமி மலையாகக் குவிந்து கிடக்கிறது. நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அது. பாட்டிமார் பல் விளக்கினார்களே, அதே உமிக்கரியை மண்ணில் சேர்த்து, மேலே வைக்கோல் மூடுவதுதான் இந்தப் பதிவு.

காற்று குறைவாகப் பட்டுக் கருகினால் கரி, நன்றாகக் காற்றுப் பட்டு எரிந்தால் சாம்பல். கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் ஏராளம். தண்ணீரும் சத்தும் அதில் தங்கும். சாணம் போல மக்கிப் போகாமல் பல வருஷம் மண்ணிலேயே கிடக்கும். கீழ்ப் பர்மாவில் புளிப்பு மண் அதிகம். உமிக்கரி காரத்தன்மை உள்ளது என்பதால் அந்தப் புளிப்பைக் கொஞ்சம் தணிக்கும். உங்கள் மண் ஏற்கெனவே உவர் பூத்தது என்றால் இது வேண்டாம்.

மழை ஓயும் அக்டோபரில் தொடங்குங்கள். அதற்குப் பிறகு ஏப்ரல் வரை மழையை நம்ப முடியாது.

முதல் வேலை: கரி சுடுவது

பழைய எண்ணெய் டின் ஒன்றின் பக்கமெல்லாம் ஆணியால் ஓட்டை போடுங்கள். உமி உள்ளே கொட்டாத அளவுக்குச் சின்ன ஓட்டை போதும். டின்னின் அடிப்பாகத்தில் குழாய் நுழைய வட்டமாக வெட்டிக்கொள்ளுங்கள். தரையில் தேங்காய்ச் சிரட்டையும் சுள்ளியும் வைத்துத் தீ மூட்டி, டின்னை அதன்மேல் கவிழ்த்து, ஓர் ஆள் உயரத் தகரக் குழாயைப் புகைபோக்கியாகச் செருகுங்கள். சுற்றிலும் காய்ந்த உமியைக் குவியுங்கள்.

முதலில் வெள்ளைப் புகை வரும். ஒரு மணி நேரம் போனால் குவியலின் வெளிப்பக்கம் அங்கங்கே கறுப்புத் திட்டு தெரியும். அப்போது அடியில் இருக்கும் கறுக்காத உமியை மண்வெட்டியால் மேலே தள்ளிவிட வேண்டும். முழுதும் கறுக்க நாலைந்து மணி நேரம் பிடிக்கும். அதுவரை பக்கத்திலேயே இருங்கள். எல்லாம் கறுத்ததும் குழாயை எடுத்து, பரப்பி, தண்ணீர் ஊற்றுங்கள். தாராளமாக.

இதில்தான் நான் ஏமாந்தேன். இரண்டு வாளி ஊற்றிவிட்டு, ஆறிவிட்டது என்று குவித்து வைத்துப் படுக்கப் போய்விட்டேன். காலையில் பார்த்தால் வெள்ளைச் சாம்பல்! உள்ளே ஒரு பொறி இருந்தாலும் ராத்திரி முழுக்கத் தின்றுவிடும். ஈரம் சொட்டும்வரை ஊற்றுங்கள், கிளறிவிட்டு மறுபடி ஊற்றுங்கள்.

நல்ல கரி உமியின் வடிவம் கெடாமல் கறுப்பாக இருக்கும். விரலில் தேய்த்தால் வெறும் தண்ணீரிலேயே போய்விடும். பிசுபிசுப்பு ஒட்டினால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம். காய்ந்த தூளை அள்ளும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

கரிக்குச் சாப்பாடு

அவசரக்காரர்கள் விட்டுவிடும் வேலை இது. புதுக் கரி வெறும் பானை. அப்படியே போட்டால் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகும். கரி ஒரு பங்கு, மக்கிய சாணம் ஒரு பங்கு கலந்து, ஒன்றுக்குப் பத்துத் தண்ணீர் விட்ட மாட்டு மூத்திரம் தெளித்து, சாக்கு போட்டு மூடுங்கள். மூன்று வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பாத்தியில்

4 அடி அகலம், 20 அடி நீளப் பாத்திக்கு 7 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் கரி, அதாவது நாலரை வீசை. (பர்மியர் 'பெய்த்தா' என்கிற இங்கத்து வீசை 1.63 கிலோ. தமிழ்நாட்டு வீசைக் கணக்கைப் போட்டுவிடாதீர்கள்.) நனைந்த கரியை நிறுத்தால் கணக்கு தப்பும் என்பதால் வாளியால் அளப்பதே சுலபம்: 20 லிட்டர் வாளியில் இரண்டரை வாளி. சாணம் சேர்ந்த கலவை என்றால் ஐந்து வாளி. மேல் மண்ணில் ஒரு சாண் ஆழத்துக்குள் கொத்திக் கலந்து, நாற்று நடுங்கள்.

வைக்கோல்

நாற்று வேர் பிடித்து ஒரு சாண் வளரட்டும். பாத்திக்கு முதலில் தண்ணீர் விட்டு, பிறகு வைக்கோலை உதறிப் பரப்புங்கள். உதறாவிட்டால் ஒட்டியிருக்கும் நெல்மணி முளைத்து, மிளகாய்ப் பாத்தி நாற்றங்காலாகிவிடும். கனம் மூன்று விரற்கடை. தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விடுங்கள், ஒட்டிக் கிடந்தால் தண்டு அழுகும். வைக்கோலை மண்ணுக்குள் கொத்திவிடவும் கூடாது. அது மக்கும்போது தழைச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

தண்ணீர் எப்போது விடுவது? வைக்கோலை விலக்கி விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். மேலே சருகாய்க் காய்ந்திருக்கும், அடியில் குளிர்ச்சி தெரியும். அப்படியென்றால் இன்றைக்கு வேண்டாம். கரையான் ஏறுகிறதா என்றும் அதே நேரம் பார்த்துவிடலாம். மழைக்காலத்தில் வைக்கோல் மூட வேண்டாம், நத்தை குடிவந்துவிடும்.

அடுத்த வருஷம் அதே பாத்திக்குக் கரி தேவையில்லை. சாணமும் வைக்கோலும் மட்டும் புதிதாகப் போடுங்கள். மாடு வைத்திருப்பவர்கள் நல்ல வைக்கோலை அதற்கே விட்டுவிட்டு, போரின் அடியில் நனைந்து கறுத்துக் கிடப்பதைப் பாத்திக்கு எடுத்துக்கொள்ளலாம்.